கேட்டதற்கு மட்டும் பதில்

என் மகள் பெரிய செய்தி எதையும் போனில் சொல்ல மாட்டாள். இரண்டு வார அழுக்குத் துணியோடு காலேஜிலிருந்து ஃப்ரீமான்ட் வீட்டுக்கு வந்து, துணியை வாஷிங் மெஷினில் போட்டு, அது ஓட ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறப்பாள். மெஷின் சத்தத்தில் என் குரல் கொஞ்சம் அமுங்கும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அப்படித்தான் நடந்தது. நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டு, "அம்மா, மேஜர் டிக்ளேர் பண்ணப் போறேன். ஏசியன் ஸ்டடீஸ்" என்றாள்.

சொன்னது ஆங்கிலத்தில். பத்தொன்பது வருடமாக நான் தமிழில் கேட்கிறேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் இதே ஏற்பாடுதான். படிக்கிறவர்கள் சிரமப்பட வேண்டாம் என்று அவள் பேச்சையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். அவள் நிஜமாகவே தமிழில் பேசிய இடங்கள் இதில் இரண்டே இரண்டு. வரும்போது சொல்கிறேன்.

நம் ஊரில் என்ன படிக்கப் போகிறோம் என்று முடிவான பிறகுதான் காலேஜ் வாசலையே மிதிக்க விடுவார்கள். இங்கே முதலில் உள்ளே விட்டு, இரண்டு வருடம் எல்லா வகுப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் மேய விட்டு, அதற்கப்புறம்தான் உனக்கு எதில் பட்டம் வேண்டும் என்று கேட்கிறார்கள். அதற்குப் பெயர்தான் மேஜர் டிக்ளேர் பண்ணுவது. இரண்டு மாமாங்கமாக இந்த நாட்டில் இருக்கிறேன், இந்த ஏற்பாடு இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. அவளுக்கு ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை வரை கெடு.

"ஏசியாவைப் பத்தி என்னடி படிக்கணும்? நாமதான் ஏசியா. கண்ணாடியைப் பார்த்தா போதாதா?" என்றேன்.

"ஹிஸ்டரி, லாங்வேஜ், மதம், ட்ரேட், எல்லாம் சேர்ந்தது அம்மா."

"ட்ரேடா? அப்ப பிசினஸ் மாதிரியா?" எனக்கு ஒரு கணம் உயிர் வந்தது.

"ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ட்ரேட்."

என் கணவர் ஹாலிலிருந்து எழுந்து வந்து என் கையிலிருந்த கத்தியை மெதுவாக வாங்கிக்கொண்டு, மீதிக் கத்தரிக்காயை நறுக்க ஆரம்பித்தார். "என்னங்க, கேட்டீங்களா?" என்றேன். "பார்க்கலாம்" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் எனக்குச் சொல்லிவரும் பதில் அதுதான். வீடு வாங்கும்போதும் பார்க்கலாம், பிள்ளை பெறும்போதும் பார்க்கலாம்.

இங்கே என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சன்னிவேலில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பண்ணுகிறேன். மற்றவர்கள் எழுதின ப்ரோக்ராம் எங்கே உடையும் என்று கண்டுபிடிப்பது என் பிழைப்பு. பெயர் கேட்கும் இடத்தில் நம்பரைப் போடுவேன், வயது கேட்கும் இடத்தில் மைனஸ் ஏழு போடுவேன். நன்றாக ஓடுவது என் கண்ணில் படாது, அதைப் பார்க்க எனக்குச் சம்பளமும் கிடையாது. இருபது வருடம் இதையே செய்தால் புத்தி வீட்டிலும் அப்படித்தான் ஓடும். அதனால் ஒரு மூச்சுக் கத்தித் தீர்த்த பிறகு, "சரி, நாலு வருஷத்துக்கும் பிளான் எழுதிக் கொண்டா. நான் டெஸ்ட் பண்றேன்" என்றேன்.

அவள் நான் கத்தினதற்குப் பயப்படவில்லை. இதற்குத்தான் பயந்தாள்.

அடுத்த முறை துணி மூட்டையோடு பிளானும் வந்தது. எந்த செமஸ்டரில் எந்த வகுப்பு என்று கட்டம் கட்டமாக அழகாகத்தான் போட்டிருந்தாள். அந்த அழகு எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் பதிலுக்கு ஒரு எக்ஸெல் தயார் செய்து வைத்திருந்தேன், முப்பத்தோரு டெஸ்ட் கேஸ், அதாவது 'இப்படி ஆனால்?' என்கிற கேள்விகள். முதல் கேஸ்: படித்து முடித்து வேலை கிடைக்காவிட்டால்? இரண்டாவது: கிடைத்து, அது ஜப்பானில் இருந்தால்? மூன்றாவது: ஜப்பானில் ஒரு பையனைப் பிடித்துவிட்டால்? நான்காவது: பாட்லக்கில், அதுதான் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் தெரு விருந்தில், யாராவது 'பொண்ணு என்ன படிக்கிறா' என்று கேட்டால்?

என் கணவர் முழுவதையும் படித்துப் பார்த்துவிட்டு, "இதுல படிப்பைப் பத்தின கேள்வி எது?" என்றார். அவரிடம் காட்டினதே தப்பு.

உண்மையைச் சொன்னால் எனக்கு நான்காவது கேஸ்தான் முதல் கேஸ். எதிர் வீட்டு அக்கா ஒருத்தி இருக்கிறாள், அவள் மகன் மெடிக்கல். அக்காவுக்கு வாய் மௌரி அவென்யூ மளிகைக் கடை மாதிரி, எந்நேரமும் திறந்தே இருக்கும். ஒன்றை அவளிடம் சொன்னால் அரை மணியில் பக்கத்து ஊர் மில்பிடாஸ் வரை போய்விடும். அவளிடம் போய் என் மகள் ஆயிரம் வருடத்துக்கு முந்தின வியாபாரத்தைப் படிக்கிறாள் என்று எந்த மூஞ்சியோடு சொல்வேன்? இப்படி நினைத்ததற்கு இன்று வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று இல்லை.

கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டு மேஜர் எடுத்துக்கொள்ளலாம். டேட்டா சயின்ஸ் எனக்கு, ஏசியன் ஸ்டடீஸ் அவளுக்கு. ஆனால் இருக்கிற நான்கு செமஸ்டரில் இரண்டும் அடங்கவில்லை. எப்படி மாற்றிப் போட்டாலும் நான்கு வகுப்பு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அப்போதுதான் அவள் பிளானில் 'கொரியன்' என்று நான்கு இடத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தேன். ஏசியன் ஸ்டடீஸுக்கு ஏதாவது ஓர் ஆசிய மொழி இரண்டு வருடம் படிக்க வேண்டுமாம்.

"கொரியனா? வீட்டுல ஒரு ஆசிய மொழி சும்மா கெடக்குதேடி!"

அவள் வாஷிங் மெஷினிலிருந்து துணியை எடுக்கப் போய்விட்டாள். நான் அந்தப் பல்கலைக்கழகத்தின் வெப்சைட் முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தேன். ஏற்கெனவே மொழி தெரிந்தவர்கள் ஒரு வாய்மொழிப் பரீட்சை கொடுக்கலாம், அதில் தேறினால் எழுதப் படிக்க ஒரு கோடை வகுப்பு போதும், நான்கு வகுப்பும் மிச்சம் என்று போட்டிருந்தது. மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்று கேசரி கிண்டினேன்.

"அம்மா, எனக்குத் தமிழ் வராது" என்றாள்.

"நான் திட்டினா புரியுதில்ல?"

"திட்டு புரியும்."

"அப்ப வரும்."

எழுத்து வராது என்பது எனக்கும் தெரியும். இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏழெட்டு வாரம் போனாள். 'ஊ' வரைக்கும் வந்திருப்பாள். அதே ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கணக்குக் கோச்சிங்கில் ஓர் இடம் காலியானது. நான் அதில் போட்டுவிட்டேன். அதையெல்லாம் இப்போது ஏன் கிளற வேண்டும், பரீட்சை பேச்சுப் பரீட்சைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒப்பந்தம் இதுதான். தமிழ்ப் பரீட்சையில் தேறினால் இரண்டு மேஜரும். தேறாவிட்டால் டேட்டா சயின்ஸ் மட்டும், ஏசியன் ஸ்டடீஸைப் பற்றி இந்த வீட்டில் பேச்சே எடுக்கக் கூடாது. அவள் தரையைப் பார்த்தபடி, "ஓகே" என்றாள். தேறாவிட்டால் என்பதை நான் ஒரு பேச்சுக்குத்தான் சேர்த்தேன். என் மகள், என் தாய்மொழி, எப்படித் தோற்பாள்?

அதற்கப்புறம் மூன்று வாரம் கோச்சிங். வாரத்துக்கு இரண்டு முறை வீடியோ காலில் நானே நடத்தினேன். எனக்கு மொழிப் பரீட்சைக்குத் தயார் செய்யத் தெரியாது. ஆனால் ஓர் அந்நியர் முன்னால் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்லித் தேற வேண்டிய விஷயம் ஒன்றில் எனக்கு அனுபவம் உண்டு. விசா இண்டர்வியூ.

எங்கள் தலைமுறையில் அந்தத் தூதரக ஜன்னல் முன்னால் நின்றவர்கள் யாரும் அதை மறக்க முடியாது. சென்னையில் காலை வெயிலில் ஃபைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்போம். முதல் நாள் முழுக்க வீட்டில் ஒத்திகை நடந்திருக்கும். வெளியே வருகிறவர் கையில் பாஸ்போர்ட் இருந்தால் விசா கிடைக்கவில்லை என்று அர்த்தம், முத்திரை குத்த அதை உள்ளேயே வாங்கி வைத்துக்கொண்டு வெறும் கையோடு அனுப்பினால் கிடைத்துவிட்டது. எனக்கு முன்னால் நின்ற மனிதர் ஒரு கேள்விக்கு ஒன்பது வாக்கியத்தில் பதில் சொன்னார். அதில் அவருடைய மாமாவும் வந்தார். அடுத்த மூன்று கேள்வியும் மாமாவைப் பற்றியே இருந்தன. மனிதர் பாஸ்போர்ட்டோடு திரும்பினார். நான் நான்கு கேள்விக்கு மொத்தம் பதினோரு வார்த்தை பேசினேன், வெறும் கையோடு வெளியே வந்தேன்.

அந்த வேதத்தை அப்படியே என் மகளுக்கு ஓதினேன். கேட்டதற்கு மட்டும் பதில். ஒரு வார்த்தை போதும் என்றால் இரண்டு சொல்லாதே. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், ஊகித்து உளறாதே. நீயாக எந்தக் கதையையும் எடுக்காதே. லேசாகச் சிரி, பல் தெரியச் சிரிக்காதே. படித்து முடித்து என்ன செய்வாய் என்று விசா ஜன்னலில் கேட்டால், திரும்பி வந்துவிடுவேன் என்பதுதான் நாங்கள் மனப்பாடம் செய்த பதில் என்று ஒரு சுவாரசியத்துக்காக அதையும் சொல்லிவைத்தேன். அவள் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். "அம்மா, லாங்வேஜ் பரீட்சையில நிறைய பேச வேண்டாமா?" என்று ஒரு தடவை கேட்டாள். "எனக்குச் சொல்லித் தராதே" என்றேன்.

நடுவில் தமிழ்ப் புத்தாண்டுக்கு எங்கள் தெருவில் பாட்லக் வந்தது. மகளும் வந்திருந்தாள். எதிர் வீட்டு அக்கா மாங்காய்ப் பச்சடியை எடுத்துப் போட்டுக்கொண்டே, "பொண்ணு என்ன மேஜர் பண்றா?" என்று கேட்டாள். "டேட்டா சயின்ஸ்" என்றேன், பட்டென்று. கேட்டதற்கு மட்டும் பதில். பின்னால் திரும்பினால் என் மகள் தயிர் சாதத் தட்டோடு நின்றிருந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு அவள் அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் போய்விட்டாள்.

பரீட்சை நாள் ஒரு சனிக்கிழமை. கம்ப்யூட்டர் வழியாகத்தான் என்பதால் வீட்டிலிருந்தே கொடுத்தாள். சாமி விளக்கு ஏற்றினேன், நெற்றியில் விபூதி வைத்தேன். அவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும், நான் காய்ந்த துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். மடிக்கிற சாக்கில். ஒரே துண்டை அரை மணி நேரம் மடித்திருப்பேன்.

அவள் தமிழில் பேசிய முதல் இடம் இதுதான்.

பரீட்சை நடத்தின அம்மா நல்ல குரல், நல்ல மனசு. "வணக்கம்மா, எப்படி இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கேன்."

"வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

"அப்பா. அம்மா."

"அவங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

"இன்ஜினியர். இன்ஜினியர்."

வெளியே நான் பெருமையில் தலையாட்டினேன். என்ன சுருக்கம், என்ன தெளிவு.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"தோசை."

"ஆகா. தோசை எப்படிப் பண்றதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"தெரியாது."

இவளுக்குத் தோசை சுடத் தெரியும். என்னைவிட மெல்லிசாகச் சுடுவாள். ஆனால் ஊகித்து உளறாதே என்று சொன்னது நான்தான்.

"சின்ன வயசுல நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"இல்லை."

"பயப்படாதீங்கம்மா. ரெண்டு வார்த்தையில வேண்டாம், முழு வாக்கியமா சொல்லுங்க."

"சரி."

அந்த அம்மா விடவில்லை. "சரி, ஏசியன் ஸ்டடீஸ் எடுக்கப் போறீங்களாமே. முடிச்சிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"திரும்பி வந்துடுவேன்."

"எங்க?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "வீட்டுக்கு" என்றாள்.

நான் துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே கடைசிக் கேள்வி வந்தது. "வீட்டுல அம்மாகிட்ட தமிழ்ல என்னவெல்லாம் பேசுவீங்க?"

"சாப்பிட்டேன்" என்றாள். அப்புறம், "படிச்சேன்."

அதற்கு மட்டும் நான் கோச்சிங் கொடுக்கவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கே முடிவு மெயிலில் வந்துவிட்டது. கேட்டுப் புரிந்துகொள்வதில் மிகுந்த தேர்ச்சி, பேசுவதில் தொடக்க நிலை, முதலாமாண்டுத் தமிழ் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. முதலாமாண்டு என்றால் 'அ' எழுதப் பழகுகிற வகுப்பு. நான் பெற்ற பிள்ளைக்கு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்த அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுத உட்கார்ந்தேன், மதிப்புக்குரிய மேடம், தங்கள் கேள்விகளில் குறை உள்ளது என்று. மகள் வந்து லேப்டாப்பை மூடினாள்.

"அம்மா, வேண்டாம். நான் முதல் வகுப்புக்கே போறேன்."

"எந்த வகுப்புக்கு? நாலு வகுப்பும் தமிழுக்குப் போயிடுச்சுன்னா டேட்டா சயின்ஸுக்கு இடம் எங்க இருக்கு? என்ன பேசினோம்? தேறலைன்னா டேட்டா சயின்ஸ் மட்டும்."

"எனக்கு ஏசியன் ஸ்டடீஸ்தான் வேணும்."

"நீ தோத்துட்டே."

"நீ சொன்னதைத்தானே செஞ்சேன்!"

அவள் குரல் உடைந்தது. அவள் சொன்னது அத்தனையும் நிஜம். என் மேல் தப்பு என்று தெரிந்தால் எனக்குக் கோபம் இரட்டிப்பாக வரும், இது என் சுபாவம். நான் ஆசைப்பட்டதே நடந்துவிட்டது, ஏசியன் ஸ்டடீஸ் ஒழிந்தது, டேட்டா சயின்ஸ் நின்றது. அப்படியும் எனக்குத் துளிச் சந்தோஷம் இல்லை. "முடியாதுன்னா முடியாது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்!" என்று கத்தினேன். அவள் அறைக்குப் போய்விட்டாள்.

என் கணவர் சோபாவில் உட்கார்ந்தபடி, "எங்க போடுவ?" என்றார்.

"என்னது?"

"கையெழுத்து. எங்க போடுவ? ஃபார்ம்ல அதுக்கு இடமே இல்லையே."

மார்ச்சிலேயே அவள் எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் படிவத்தை அனுப்பியிருந்தாளாம். நான் அதைத் திறக்கவே இல்லை, என் எக்ஸெல்லில் மும்முரமாக இருந்தேன். இப்போது திறந்தேன். பெயர், மாணவர் எண், எடுக்கும் மேஜர், ஆலோசகரின் ஒப்புதல். அவ்வளவுதான். பெற்றோர் என்ற வார்த்தையே அந்தப் படிவத்தில் இல்லை. மேலிருந்து கீழே மூன்று முறை தேடினேன். இல்லாததைக் கண்டுபிடிப்பது என் தொழில், அதனால் நன்றாகவே தேடினேன். ஆலோசகரின் ஒப்புதல் பிப்ரவரியிலேயே வாங்கியாகிவிட்டது. மிச்சமிருந்தது அடியில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் முடிந்தது.

அப்படியென்றால் இரண்டு மாதமாக இவள் எதற்கு என் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்? முப்பத்தோரு கேள்விக்குப் பதில் எழுதி, விபூதி வைத்துக்கொண்டு, பரீட்சை கொடுத்து? ஒரு பட்டனை அழுத்திவிட்டுப் போனில்கூடச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்று ரசத்தில் உப்புப் போட மறந்தேன், யாரும் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் அவளை ரயில் நிலையத்தில் விடக் காரை எடுத்தேன். அந்தக் காரில் எங்கள் பேச்சு எப்போதும் ஒன்றுதான். சாம்பார்ப் பொடி எடுத்தியா, சார்ஜர் எடுத்தியா, போனதும் மெசேஜ் போடு. அன்று பாதி தூரம் வரை அதுவும் இல்லை. மௌரி அவென்யூவில் எல்லா சிக்னலும் சிவப்பு. மூன்றாவது சிக்னலில் நின்றபோது, "உனக்கு ஏன் அது பிடிச்சிருக்கு?" என்று கேட்டேன். என் முப்பத்தோரு கேஸில் இந்தக் கேள்வி இல்லை என்பது கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தமிழில் ஆரம்பித்தாள். இது இரண்டாவது இடம்.

"ஒரு க்ளாஸ்ல ப்ரொஃபஸர் ஒரு ஃபோட்டோ காமிச்சாங்க. சைனால ஒரு ஊர். கடல் பக்கத்துல. அங்க ஒரு கல்லு கெடைச்சிருக்கு. கல்லுல தமிழ். கீழ ஒரு லைன் சைனீஸ்."

"சைனாவுல தமிழா? யாரு எழுதினா?"

"நம்ம ஆளுங்கதான். ட்ரேட் பண்ண... கப்பல்ல போனவங்க. அங்கயே கோயில் கட்டி இருந்தாங்க. ப்ரொஃபஸர் கேட்டாங்க, இங்க யாராவது இதைப் படிப்பீங்களான்னு. ஒரு சைனீஸ் பொண்ணு அவ லைன்ல பாதி படிச்சிட்டா. அப்புறம் எல்லாரும் என்னையப் பார்த்தாங்க."

சிக்னல் பச்சையானது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"நான் கல்லைப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடத் தெரியல. அதான் பொய் சொன்னேன், கல்லு ரொம்பத் தேய்ஞ்சு போச்சு, படிக்க முடியலன்னு."

"தேஞ்சிருந்துதா?"

"இல்லம்மா. நல்லா க்ளியரா இருந்துது."

நான் நிலையத்தின் இறக்கிவிடும் இடத்தில் காரை நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை. பழங்காலக் கல்வெட்டு எழுத்து எனக்கும் முழுசாகப் படிக்க வராது என்று சொன்னேன். அவளுக்கு ஆறுதலாகச் சொன்னாலும் உண்மை அதுதான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணியும் அந்தக் கணக்குக் கோச்சிங்கும் நினைவுக்கு வந்தன. "தமிழ்ப் பள்ளியை நிறுத்தினது நான்தான்டி. தப்பு பண்ணிட்டேன்" என்றேன். இருபது வருடமாக மற்றவர்கள் தப்பை எழுதி வைக்கிறவள், என் தப்பை வாய் விட்டுச் சொன்னது எனக்கே புதுசாக இருந்தது.

"அப்புறம் எதுக்குக் கொரியன்னு போட்டே?"

"அந்த க்ளாஸ்ல எல்லாரும் ஸீரோல இருந்து வருவாங்க. தமிழ் க்ளாஸ்ல நான் மட்டும் வெக்கப்படணும். ஆனா நேத்து அந்த மேம் மெயில் பார்த்ததும்..." வார்த்தை தேடினாள். "எனக்கு ஹேப்பியா இருந்துது. முதல்லேர்ந்து வான்னு சொல்லிட்டாங்க இல்ல? இனிமே எனக்கு 'அ' தெரியலன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

நான் அவமானம் என்று ஆத்திரப்பட்ட மெயிலைப் படித்து இவள் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்திருக்கிறாள். அவளுடைய ரயில் வந்து நின்று போனது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

அவள் போனை எடுத்தாள். படிவம் திறந்தே இருந்தது. கட்டை விரலைப் பட்டனுக்கு மேலே வைத்துக்கொண்டு, "சரியாம்மா?" என்றாள். இப்போதும் கேட்கிறாள். அந்தப் பட்டன் என்னைக் கேட்கவில்லை, அவள் கேட்கிறாள்.

"ம்" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தில் குறும்பு வந்திருந்தது. அந்தப் பரீட்சை அம்மாவின் குரலிலேயே, "பயப்படாதீங்கம்மா. முழு வாக்கியமா சொல்லுங்க" என்றாள்.

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். "இங்க பாரு, நீ இதைப் படிக்கிறது எனக்கு இன்னும் சுத்தமாப் பிடிக்கலை. எதிர் வீட்டு அக்காகிட்ட நாளைக்கு நானே போய் உண்மையைச் சொல்லிடறேன், அது வேற. ஆனா என் கையெழுத்தே தேவைப்படாத ஒண்ணுக்கு, ரெண்டு மாசமா நீ என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னியே கண்ணு, அது எனக்கு..."

அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. அவள் எவ்வளவோ நேரம் காத்திருந்தாள். பரீட்சையாக இருந்தால் என்னையும் முதல் வகுப்பில்தான் போட்டிருப்பார்கள்.